மறைவிடத்துக்கு ஒரு மனு

சாகசம் செய்யப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு மறைவிடம் வேண்டும் என்று அந்த விளையாட்டுப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. கிடைத்த புதையலை எங்கே வைப்பது, காயம்பட்டால் எங்கே படுப்பது, எதிரி தேடி வந்தால் எந்த வழியாக ஓடுவது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தையும் இருபது முகமுள்ள ஒரு பகடையையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

விளையாட்டு எளிதானது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது நான். ஆடுவது இரண்டு பேர். ஒருவன் பண்டாரவளையில் தன் வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் சிநேகிதன். இன்னொருத்தி என் தங்கச்சி. அப்புத்தளைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய லயத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பகலில் மூவரும் போனில் கூடுவோம். பகடையை உருட்டியதும் நான் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அது தங்கச்சி போட்ட சட்டம். அண்ணன் மேல் அவ்வளவு நம்பிக்கை!

ஒரு ஞாயிறு, இருவரும் கதையில் வரும் காட்டில் பூதத்தை வென்று ஏழு மூட்டை தங்கம் எடுத்தார்கள். வரைபடத்தில் எங்கே வேண்டுமானாலும் மறைவிடம் கட்டிக்கொள்ளலாம் என்றேன். சிநேகிதன் யோசிக்கவே இல்லை. கடைக்குக் கீழே ஒரு நிலவறை, சரக்கு நமுத்துப் போகாமல் இருக்கப் பலகைத் தளம், பின்னால் ஒரு கதவு. வியாபாரி வீட்டுப் பிள்ளை அல்லவா. தங்கச்சிக்குச் சந்தேகம் வந்தது.

"எங்க வேணும்னாலுமாண்ணே?"

"ஆமா."

"யாருகிட்ட கேக்கணும்?"

"யாருகிட்டயும் கேக்க வேணாம். நீ மந்திரவாதி. கைய ஆட்டுனா வீடு வந்துரும்."

"அது சரி. எடம் யாரோடது? பொறகு வந்து ஒடைக்கச் சொன்னா?"

சிநேகிதன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். லயத்தில் எங்கள் அறையான காம்பராவின் பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்க, தோட்டத்தை நடத்தும் தொரையிடம் அப்பா நான்கு வருடம் நடந்தார். ஜன்னல் வரவில்லை. அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? அதை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மாறாக வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"சரி, இந்தக் காட்டுக்கும் ஒரு தொரை இருக்காரு. மனு எழுதிக் குடு."

எழுதிவிட்டாள். அடுத்த வாரம் கொப்பியில் எழுதியதைப் பார்த்து வாசித்தாள். மட்டமான நிலம், பின்னால் மலை இருக்கக் கூடாது. நாலு சுவரும் தன்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டு ஜன்னல், ஒன்று அடுப்புப் புகை போக. சாமான் வைக்க உயரத்தில் ஒரு பலகை. சாவி தன் கையில். சுரங்க வழியும் இல்லை, பொறியும் இல்லை.

"தங்கத்த எங்க வைப்பீங்க?" என்று சிநேகிதன் கேட்டான்.

"ஆமால்ல," என்றாள். தங்கத்தையே மறந்து போயிருந்தாள்.

நான் தொரையின் குரலில், "மேலிடத்துக்கு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்," என்றேன். மூன்று ஞாயிறு இதையே சொன்னேன். முதல் வாரம் சிரித்தாள். மூன்றாவது வாரம் போனை வைத்துவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் நான்தான், பூசாரியும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. லயத்துக்குப் பின்னால் மலையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த லயத்தில் குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே குடியிருப்பது என்று எழுதவில்லை. மழை பெய்தால் கோயில் மண்டபம், வெயில் அடித்தால் மறுபடி லயம் என்று சனம் மூட்டையோடு அலைந்தது. விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மட்டமான நிலம் தரச் சொல்லி அப்பா மனு கொடுத்தார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்று தொரை சொன்னாராம். இதைத் தங்கச்சி போனில் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த வாரம் இரண்டு நாள் விடாத மழை. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, ரயில் ஓடவில்லை. மத்தியானம் தங்கச்சி போனில் கூப்பிட்டாள்.

"மண்ணு எறங்கிருச்சுண்ணே. நாங்க மண்டபத்துல இருக்கோம், யாருக்கும் ஒண்ணுமில்ல. அப்பா ஜன்னல் கேட்ட செவுரு இப்ப இல்ல."

அழுகை வந்தது. போகவும் வழியில்லை, அங்கே போய்ச் செய்யவும் என்னிடம் ஒன்றுமில்லை. வாய்க்கு வந்ததை உளறினேன்.

"வெளையாட்டுல அந்தத் தொரைய எடுத்துர்றேன். நீ எங்க வேணும்னாலும் கட்டிக்க."

"வேணாம்ணே. தொரை இல்லாட்டி எடம் யாரு குடுப்பா? அவரு இருக்கட்டும். கையெழுத்துப் போடுவாரான்னு உருட்டிப் பாருங்க. பதினஞ்சுக்கு மேல வந்தா போடணும்."

உருட்டினேன். நான்கு. மறுபடி உருட்டினேன். ஒன்பது. மூன்றாவது முறை உருட்டவில்லை. விரலால் பகடையைத் திருப்பி இருபதை மேலே வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு!" என்று கத்தினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைக் கேட்டேன்.

அவளுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"தொரை போட்டுட்டாரா? மைதானத்துப் பக்கமா? எப்பக் குடி போகச் சொன்னாரு?"

தங்கச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே, அம்மா நெசம்னு நெனச்சுட்டாங்க. என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க," என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.