கலாமணியக்காவின் நேரத்தைத் தின்றவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உற்பத்திக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியது கலாமணியக்காவின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க. காலைல எந்திரிச்சு தண்ணி காய வெச்சாங்க. அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்தாங்க. அவ்வளவுதானுங்க" என்றாள். அவள் அழவில்லை. இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் போனை வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். முதலில் வாயைத் திறந்தவர் எங்கள் மேலாளர். "அடக் கடவுளே! அப்போ இன்னைக்குத் திருச்சி லோடை யாருங்க பாக்கறது?"

அவர் கேட்பதற்கு முன்பே அதே கேள்வி என் மனதிலும் வந்து போயிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நம்ம கம்பெனி இதழுக்கு அந்தம்மாவோட டைம் மேனேஜ்மென்ட் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க செந்தில். மத்தவங்களுக்கும் ஒரு மோட்டிவேஷனா இருக்கட்டும்" என்றார். அந்த அரைப் பக்கத்தை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அக்காவை அறிந்த உங்களுக்காக. பேக்கிங் பிரிவுப் பெண்களுக்காக, லாரி ஓட்டுநர்களுக்காக, அவருடைய தோழி ஜமீலாவுக்காக.

கணபதி பக்கம் இருக்கும் எங்கள் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவை அக்கா பதினாறு வருடம் பார்த்தார். செய்து முடித்த மோட்டார்களை எந்த வண்டியில், எந்த நேரத்தில், எந்த ஊருக்கு ஏற்றுவது என்பது அவர் பொறுப்பு. நான் கொள்முதல் பிரிவைப் பார்க்கிறேன். அவர் மேசைக்கு நேர் எதிரே என் மேசை.

காலையில் வந்ததும் பேக்கிங் அட்டையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்வார். அன்றைய வேலைகளை அதில் எழுதுவார். ஐந்துதான். ஆறாவது எழுதி நான் பார்த்ததில்லை. ஒருநாள் என் நோட்டில் இருபத்திரண்டு வேலைகள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க செந்திலு, அஞ்சு வரைக்கும்தானுங்க வேலை. அதுக்கு மேல எழுதறதெல்லாம் ஆசைங்க" என்றார். அந்த ஐந்தில் முதலாவதாக எப்போதும் அவருக்குப் பிடிக்காத வேலை இருக்கும். பத்தரைக்குள் அதை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்க எழுவார்.

அவர் வருவதற்கு முன்பு எங்கள் கேட்டில் லாரிகள் நாள் கணக்கில் நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் பதினோரு மணியிலிருந்து கால் மணி நேரம் ஓட்டுநர்களுக்கு மட்டும் போன் பேசுவார். மறுநாள் எத்தனை மணிக்குச் சரக்கு தயார், எத்தனை மணிக்கு வந்தால் போதும் என்று ஆளாளுக்குச் சொல்வார். ஒரு மாதத்தில் கேட்டு வாசல் காலியாகிவிட்டது. காங்கேயத்து ஓட்டுநர் ஒருவர், இப்போதெல்லாம் மதியச் சோற்றை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாக என்னிடம் வந்து சொன்னார். விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர், ஓட்டுநர்களுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்டபோது அக்கா திருப்பிக் கேட்டார்: "நம்ம கையில கட்டியிருக்கறதுதான் கடிகாரமுங்களா? கேட்டுல நிக்கறவருக்கு ஓடறது என்னங்க?"

மாலை ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடுவார். யார் பேசிக்கொண்டிருந்தாலும், "நாளைக்குப் பேசிக்கலாமுங்க" என்று பையை எடுத்துக்கொள்வார். ஒண்டிப்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்ட் தளம் இருக்கிறது. அங்கே அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் ஆறரைக்கு ஷட்டில் ஆடுவார்கள். அவர்களில் ஒருவர்தான் உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜமீலா. அந்த ஒரு மணி நேரத்துக்காக அக்கா, வீட்டில் இரவுச் சமையலைக் கணவர் கையில் ஒப்படைத்திருந்தார். நாற்பத்தாறு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. மறுநாள் காலை, ஜமீலாவை எப்படி மூலைக்கு ஓட விட்டேன் என்று கையை வீசிக் காட்டியபடிதான் அட்டையை வெட்ட ஆரம்பிப்பார்.

இனி எழுதப் போவதை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில், குளிரூட்டிய அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கம்பெனியிலேயே நேரத்தை நிர்வகிக்கத் தெரிந்த ஒரே ஆளை அழைத்துப் போகவில்லை. டெஸ்பாட்சை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டோம். பயிற்சியாளர் எங்களுக்கு வண்ணக் காகிதங்கள் கொடுத்தார். தோல் அட்டை போட்ட டைரி கொடுத்தார். எல்லாவற்றையும் நீங்களே சுமக்காதீர்கள், திறமையானவர்களிடம் பகிர்ந்து கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் தலையாட்டியபடி எழுதிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அலுவலகம் வந்ததும் ஒன்பது பேரும் அதைச் செய்தோம். ஒன்பது பேருக்கும் திறமையானவர் என்று தோன்றியது ஒரே ஆள்தான். விற்பனைப் பிரிவு தன் வாராந்திர அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தது. தரப் பிரிவு புகார்ப் பட்டியலை வைத்தது. மேலாளர் தன் மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் காட்டும் படங்களைத் தயாரிக்கச் சொன்னார். சனிக்கிழமைதோறும் கிடங்கில் இருக்கும் சரக்கைச் சரிபார்த்து நான் போட வேண்டிய அறிக்கையை நான் வைத்தேன். "அக்கா, நான் உக்காந்தா மூணு மணி நேரமாவுது. உங்க கைக்கு அரை மணி நேரம்தானுங்க" என்றேன். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் டைரிகள் சுத்தமாகிவிட்டன. ஐந்து மணிக்கெல்லாம் டீக்கடையில் நின்று, பயிற்சி எவ்வளவு பலன் தந்தது என்று பேசிக்கொண்டோம். மேலே ஜன்னலில் அக்காவின் விளக்கு எரிவது அங்கிருந்து தெரியும். எங்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் ஐந்து இருபதுக்குக் கிளம்புவது நின்றது. காலையில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதும் நின்றது. மட்டை வீட்டிலேயே இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். நான் அதற்கு ஏதோ ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை.

கடந்த வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிடங்குப் படியேறி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதய டாக்டரிடம் முன்பதிவு செய்தார். முதல் முறை, மேலாளரின் படங்கள் முடியவில்லை என்று தள்ளிப்போனது. இரண்டாவது முறை, தரப் பிரிவுக்குத் தணிக்கை வந்தது. மூன்றாவது முறைக்குக் காரணம் நான்.

கோபிசெட்டிபாளையத்தில் என் மனைவி வீட்டாரின் புதுமனை புகுவிழா. சனிக்கிழமை வர மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை மாலை அக்காவிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் போவதற்காக இந்த வாரம் அறிக்கையை நானே போடுவதாக இருந்தேன், ஆனால் முடியாது என்றேன்.

"நாளைக்குப் பதினொன்னுக்கு டாக்டரப் பாக்கோணுமுங்க செந்திலு" என்றார்.

"சாயங்காலமாப் பாத்துக்கலாமில்லீங்க அக்கா? எம்டி கேட்டா எனக்குத்தானுங்க அசிங்கம்."

"சேரீங்க. போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணி. அக்கா எழுந்து, தன் மேசையிலிருந்த ஒன்பது கோப்புகளையும் கையில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார். கோபமில்லை, சத்தமில்லை. என் மேசையில் என் கோப்பை வைத்துவிட்டு, "இது உங்க நேரமுங்க. தெரியாம என்னுதுல கலந்துபோச்சு. எடுத்துக்கங்க" என்றார். கடைசியாக மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்கம்மா, நீங்க பண்ணா இது பத்து நிமிஷ வேலைங்களே" என்றார் மேலாளர்.

"ஆமாங்க. ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷமுன்னுதானுங்க குடுத்தீங்க. அதுல என்ர சாயங்காலம் போயிருச்சுங்க."

அன்று ஐந்து இருபதுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாளே டாக்டரிடமும் போனார்.

எங்களுக்கு வெட்கம் வந்ததா? இல்லை. திமிர் ஏறிவிட்டது என்று பேசினோம். வருடாந்திர மதிப்பீட்டில் மேலாளர், "ஒத்துழைப்பு குறைவு" என்று எழுதினார். அந்தத் தாளில் மூன்று பிரிவுத் தலைவர்கள் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

இதய வால்வு பழுதாகிவிட்டது, இத்தனை நாள் ஏன் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். அக்கா எங்கள் யாரையும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை விளையாடக் கூடாது. ஆனாலும் நான்கு மாதங்கள் அவர் ஒரு மாலைகூடத் தவறாமல் அந்தச் சிமெண்ட் தளத்துக்குப் போனார். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாயின்ட் எண்ணினார். அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மூன்று மாதம் முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அக்காவின் மகளுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் என் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. என் வாழ்க்கையில் என்னையே நான் இவ்வளவு அருவருத்தது அந்த நிமிடத்தில்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேன்டீனில் நடந்தது. இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்த மேலாளர் ஒரு நிமிடம் ஆவதற்குள், "போதுங்க, உக்காருங்க" என்றார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். எவ்வளவு வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்கமாட்டார் என்றார்கள். அவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் என்று ஒருவர் சொல்ல, கைதட்டல் விழுந்தது. பயிற்சி அறையில் அவர் படத்தை மாட்டப் போவதாக அறிவித்தார்கள். டீயும் பன்னும் வந்தன. எனக்குப் பக்கத்தில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவர், அந்த ஜன்னலோர மேசை இனி யாருக்கு என்று என்னிடம் கேட்டார்.

ஜமீலா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் நாற்காலி கொடுக்கவில்லை. நான் போய், நீங்களும் இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று கேட்டேன்.

"எனக்குப் பேசவெல்லாம் தெரியாதுங்க" என்றார். கேன்டீன் முழுக்க ஒரு தடவை பார்வையை ஓட்டினார். "கலாவோட சாயங்காலத்த எடுத்துக்கிட்டவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கோணும்னு இருந்துச்சுங்க. பாத்துட்டேன். வாரனுங்க."

மேலாளருக்கு நான் இதைத்தான் அனுப்பப் போகிறேன். இதழில் வராது என்று தெரியும்.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள், போனவர் தமக்கு விட்டுச் சென்றது என்ன என்று கடைசியில் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, மாலையில் படிக்கட்டில் அவரை நிறுத்தினேன். கையெழுத்திட்ட அந்தத் தாள் பல நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. "அக்கா, உங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசோணுமுங்க. மன்னிப்புக் கேக்கோணும்" என்றேன்.

அவர் படியில் நிற்கவில்லை. மூச்சு வாங்காதபடி நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே, "அதுக்கு இப்போ நேரமில்லீங்க செந்திலு. அங்க பாயின்ட் எண்ணறதுக்கு ஆளில்லாம நின்னுட்டிருப்பாங்க" என்றார். கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறு வருடத்தில் நான் கேட்டு அவர் கொடுக்காத ஐந்து நிமிடம் அது ஒன்றுதான். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.