பல்லுக்கு ஒரு குருவி

கண்ணாடிக் கடையில் அவளுக்குத் ‘திருகாணி அக்கா’ என்று பெயர். எள்ளளவு திருகாணி தரையில் விழுந்துவிட்டால் மற்றவர்கள் காந்தத்தைத் தேடி ஓடுவார்கள். அவள் கன்னத்தைத் தரையோடு வைத்து ஒரு பார்வை பார்ப்பாள், எடுத்துவிடுவாள். கோணிப்போன சட்டம், கழன்ற காதுக்கம்பி, ஒடிந்த மூக்குத்தாங்கி எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். பதினான்கு வருடமாக அதே மேசை, அதே வளைகிற விளக்கு. விளக்கின் கழுத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு நீலக் குருவி தொங்கும். டெலிபோன் கேபிளுக்குள் இருக்கிற மெல்லிய ஒயரை முறுக்கி முறுக்கிச் செய்தது.

“எங்க அப்பா செஞ்சது” என்பாள், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அப்பா டெலிபோன் லைன்மேன். போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அவளுக்குப் பால்பற்கள் விழுந்த காலத்தில், விழுந்த பல்லை அவரிடம் நீட்டினால் மறுநாள் ஒரு குருவி கிடைக்கும். கேபிளில் எந்த நிறம் மிஞ்சியதோ அந்த நிறக் குருவி. மொத்தம் பதினொன்று. ஒரு பல்லை அவள் விழுங்கிவிட்டாள். கடைசிப் பற்கள் விழுந்தபோது பெரிய மனுஷியாகிவிட்ட நினைப்பில் குருவி கேட்கவே வெட்கமாகிவிட்டது.

முதல் பல்லைப் பற்றி அவள் சொல்லாத ஆளே இல்லை. ஜன்னலோரம் ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். நாக்கு நுனி ஒரு ஓரமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. நீல ஒயர் வளைகிறது. பிறகு அவள் உள்ளங்கையில் குருவி. கேபிளுக்குள் பூசியிருக்கும் அந்தப் பிசுபிசுப்பான மசகின் வாசனை. அந்தக் குருவிதான் விளக்கில் தொங்குவது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்து சற்று நேரத்தில் நெட்டையான ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியின் காதுக்கம்பி ஒடிந்து, சோற்றுப்பருக்கை மாதிரி எதையோ வைத்து ஒட்டியிருந்தார். அவள் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் விளக்கையே உற்றுப் பார்த்தார்.

“இது நம்ம கேபிள் ஒயர் ஆச்சே! யாரும்மா செஞ்சது?”

அவள் சொன்னாள். அப்பா பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “அடடே, நீயா? என்னைத் தெரியலையா? உங்க அப்பா கம்பத்துல ஏறுவாரு, நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.”

“ஏணி மாமாவா!”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பழங்கதை பேசினார்கள். அவள் கைபேசியில் எடுத்து வைத்திருந்த மற்றக் குருவிகளின் படங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றும் எத்தனையாவது பல், அப்போது தனக்கு என்ன வயது என்றும் சொன்னாள். ஏணி மாமா நெற்றியைச் சுருக்கினார்.

“உனக்கு எட்டு வயசு இருக்கிறப்பதானே அவர் கம்பத்துல இருந்து விழுந்தாரு?”

“ஆமா, ரெண்டாம் வகுப்பு முடிச்சிருந்தேன்.”

“வலது மணிக்கட்டு நொறுங்கிப் போச்சேம்மா. அதுக்கப்புறம் ஆபீஸ்ல போன்ல புகார் கேக்குற மேசைக்குப் போட்டாங்க. சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிடுவேன். அவரால ஒரு பேனாவைப் பிடிக்க முடியாது. இந்த ஒயரை எப்படி முறுக்கினாரு?”

அப்பாவுக்குக் கை விளங்காமல் போனது அவளுக்குத் தெரியாததா? இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டவரைத்தானே தினமும் பார்த்தாள்? குருவிகள் வந்துகொண்டிருந்ததும் தெரியும். ஆனால் இந்த இரண்டு விஷயமும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் மாதிரி, இத்தனை வருடமாக அவள் மண்டைக்குள் தனித்தனியாகவே குடியிருந்திருக்கின்றன.

அன்று அவள் ஒரு அம்மாளின் கண்ணாடியில் இடது லென்சை வலது பக்கம் மாட்டிவிட்டாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. மதியமே தலைவலி என்று சொல்லிவிட்டு, நீலக் குருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது குறையாகத்தான் இருக்கும். அப்பா என்றால் சிரிப்பு, அம்மா என்றால் அதட்டல் என்றுதான் மகள் மனதில் பதிந்திருந்தது. அலமாரியிலிருந்து மற்ற பத்தையும் எடுத்து வந்து, இஸ்திரி மேசையிலேயே கொட்டினாள்.

“அம்மா, கை போனதுக்கப்புறம் இதையெல்லாம் யாரு செஞ்சது?”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நான்தான்.”

“நீயா?”

“பின்ன, ஆகாசத்துல இருந்தா வந்தது? அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சேன். அவர் பக்கத்துல நின்னு இப்படி வளை, அப்படி மடின்னு உயிரை வாங்குவாரு.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொல்லக் கூடாதுன்னாரு. அப்பாவால முடியலைன்னு பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்னாரு. அவர் போனப்புறம் நீ கேக்கவும் இல்லை.”

மகள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சரி, கை போன பிறகுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்கு முன் வந்த முதல் ஐந்து குருவிகளாவது அவருடையவை. நீலக் குருவியைத் தனியாக எடுத்து வைத்தாள். “இது மட்டும் அப்பா செஞ்சது. முதல் பல்லுக்கு.”

அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இதுவும் நான் செஞ்சதுதான். இதுதான் முதல்ல செஞ்சது. அன்னிக்கு அவர் ஊர்லயே இல்லை. புயல்ல கம்பமெல்லாம் சாஞ்சு, நாலு நாள் வெளியூர் வேலை. நீ பல்லை வச்சுக்கிட்டு ஒரே அழுகை. அவர் பையில ஒயர் கிடந்துச்சு. ஏதோ பண்ணிக் கொடுத்து, அப்பா அனுப்பினாருன்னு சொன்னேன். வந்தப்புறம் அவரும் அதையே பிடிச்சுக்கிட்டாரு.”

“பொய் சொல்றே! நான் பார்த்தேன்மா. ஜன்னல்கிட்ட உக்காந்து செஞ்சாரு. நாக்கை நீட்டிக்கிட்டு. அவர் கையில கேபிள் வாசனை வந்துச்சு.”

“அந்த ஒயரைத் தொட்டா என் கையிலயும் அதே வாசனைதான்டி வரும்.”

மகள் அம்மாவின் வாயையே பார்த்தாள். ஒயர் வளைக்கும்போது நாக்கு நுனியை நீட்டியது யார்? கண்ணை மூடிப் பார்த்தாள். ஸ்டூல் தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. உட்கார்ந்திருந்த ஆளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெயில்தான் இருந்தது.

“அப்ப எது எதுதான் அப்பா செஞ்சது?” குரல் குழந்தை மாதிரி வந்தது.

அம்மா பிரிக்க ஆரம்பித்தாள். ஆரஞ்சு, அவர். வெள்ளை, அவர். இந்த ரெண்டும் நான். பழுப்பில் வந்து கை நின்றது. “இது… யாருன்னு எனக்கே நிச்சயமா தெரியலை. மாறி மாறிச் செஞ்சிருக்கோம்.”

கடைசியில் ஒரு பச்சைக் குருவி மிஞ்சியது. ஒரு சிறகு பெரிது, ஒரு சிறகு சிறிது, அலகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ மிதித்து நசுங்கியது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். மற்றதோடு சேர்க்காமல் ஒரு ஓரமாகவே போட்டு வைப்பாள்.

“நசுங்கலை. அதுதான் அவர் இடது கையால செஞ்சது. ஒரு வாரம் ஆச்சு. அவர் போனன்னிக்கு உங்கிட்ட ஒண்ணு கேட்டேனே, இதைத்தான்.”

மகளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. “குப்பை குப்பைன்னு திட்டுவியே, இப்ப எதுக்கு உனக்கு? இது அப்பா எனக்குக் கொடுத்தது” என்று வந்தவர்கள் எதிரிலேயே சொல்லியிருந்தாள்.

“மன்னிச்சிடும்மா” என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் கோபம் முந்திக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறார்கள். உடனே, இப்படி ஏமாற்ற எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றும் தோன்றியது. மூன்று வருடமாக அவள் நினைத்து நினைத்து அழுத அந்தக் கைகளில் பாதி, இதோ எதிரில் உட்கார்ந்து தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் அழுததில் பாதி யாருக்கு? அழுவதா, சிரிப்பதா, சண்டை போடுவதா என்று ஒன்றும் பிடிபடவில்லை. பச்சைக் குருவியை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

அம்மா அதை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஏணி மாமா சரிசெய்யக் கொடுத்த கண்ணாடியை வாங்க வந்தார். விளக்கின் கழுத்தில் இப்போது பழுப்புக் குருவி தொங்கியது.

“நிறம் மாறியிருக்கே! இது யாரு செஞ்சதும்மா?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கிவிட்டு, அவர் காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல செஞ்சது மாமா. குனிஞ்சு பாருங்க, கண்ணாடி நழுவுதா?”