சிவப்பு லைட்டும் நின்றுபோன படமும்

நெட் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை என்றால், நெட் நன்றாக இருக்கிற யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். நீங்களும் இந்த வேலையில் இருந்தால் தெரியும், ஒருத்தராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டதுண்டா? நான் எட்டாவதோடு நின்றவள். நேரில் ஆளைப் பார்த்தால் பேச்சே வராது, போனில் எப்படியோ சமாளித்துவிடுவேன். அதை நம்பித்தான் நாலு வயது மகளைக் காந்தலூரில் அக்காவிடம் விட்டுவிட்டு பாலக்காட்டுப் பக்கம் முதலமடைக்கு வந்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால். கொஞ்ச நாளாக மகள் போன் பக்கமே வர மாட்டேன் என்கிறாள்.

குங்குமம்

வெளியிலிருந்து வரும் லைனை வாங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அவரவருக்கு வந்ததைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் ரூட்டர். அந்த நம்பருக்கு ஐ.பி. என்று பெயர். ஆயுத பூஜை முடிந்து ஒரு அம்மா கூப்பிட்டார், பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறதாம். சிவப்பு என்றால் லைன் இல்லை. "யாரும் தொடாதீங்க, ஆள் வருவாங்க" என்றேன்.

லீவு முடிந்து ரெண்டு நாள் கழித்துத்தான் லைன்மேன் அண்ணன் போனார். பூஜையில் ரூட்டருக்கும் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள், சரியாகப் பச்சை லைட்டை மூடி. சிவப்பு லைட் என்று அந்த அம்மா பார்த்தது அந்தப் பொட்டைத்தான், லைன் போகவே இல்லை. அண்ணன் விரலால் துடைத்தார், பச்சை வந்துவிட்டது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தொடாதீங்கன்னு நீங்கதானுங் அம்மிணி சொன்னீங்க, நாங்க டிவியக்கூடத் தொடலீங்க!"

மாம்பழப் படம்

ஒரு தோப்புக்காரருக்குக் கோபம். வியாபாரியோடு வீடியோவில் பேசினால் உடனே போகிறது, மாம்பழப் படம் அனுப்பினால் மட்டும் நின்று நின்று போகிறது, ஏன்? எனக்குத் தெரியவில்லை. லைன்மேன் அண்ணனிடம் கேட்டு மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன்.

படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, நம்பர் போட்டு அனுப்புவார்கள். ஒரு துண்டு வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும், அதனால் தாமதமானாலும் முழுசாகப் போய்ச் சேரும். இந்த முறைக்கு டி.சி.பி. என்று பெயர். வீடியோவில் பேசுகிற பேச்சுக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை. பெரும்பாலும் யு.டி.பி. என்கிற வேறு முறையில் போகும், அதில் தொலைந்தது தொலைந்ததுதான். தோப்புக்காரர் கேட்டார்: "அப்ப மாம்பழத்துக்கு இருக்கற மரியாதை மனுசன் பேச்சுக்கு இல்லீங்களா?"

ஆறு மணி

நேற்று அக்கா எப்படியோ மகளைப் போன் முன்னால் நிறுத்திவிட்டாள். அங்கன்வாடியில் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆடிக் காட்டுகிறேன் என்றாள். ஆரம்பித்ததும் ஒரு கை தலைக்கு மேலே, அப்படியே படம் நின்றுவிட்டது. அங்கே சிக்னல் அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது என்று சொன்னால் ஓடிவிடுவாளோ என்று பயம். "சூப்பர்டா தங்கம், கையை எவ்வளவு அழகா தூக்குற!" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவள் குரல் மட்டும் தெளிவாக வந்தது: "நான் ஆடி முடிச்சு உக்காந்துட்டேன்மா. நீ யாரைப் பாத்துட்டு இருக்க?"

வீடியோ காலில் தொலைந்ததை மெஷின் திருப்பிக் கேட்காது, "அம்மாவுக்குத் தெரியலடா, இன்னொருக்கா ஆடு" என்று அம்மாதான் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு.