அம்மா முட்டி போட்ட வியாழக்கிழமை

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அந்த மே மாதத்தில் விவேக் நகரில் தினமும் மாலையில் மழை பெய்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். கையெழுத்து கேட்கிற இடத்தில் கட்டைவிரலை வைப்பாள். நான் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். எழுத்துத் தெரியாதவர்கள்கூட என் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதில் இருந்த ஒவ்வொரு எண்ணும் நான் விழித்துப் படித்து வாங்கியது. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அம்மா ஒரு நேர்ச்சை வைத்திருந்ததாகச் சொன்னாள். நான் பத்து முடித்தால் வியாழக்கிழமை கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் போவதாக. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க என்னை வரச்சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. படித்தது நான், பெயர் அவள் முட்டிகளுக்கா? ஆனாலும் கூடப் போனேன்.

உள்ளே மெழுகு வாசனையும் மல்லிகையும் ஈரக் குடைகளும். தமிழிலும் கன்னடத்திலும் முணுமுணுப்பு. மேலே இருந்த வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து, அம்மா நகர நகர அவள் வெள்ளைச் சேலை நீலமாகி, சிவந்து, மறுபடி வெளுத்தது. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது எனக்கு. அவள் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்தது. பாதி வழியில், தூணருகே, என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஆங்கிலப் பூசைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் எங்களைப் பார்க்கவில்லை.

கையை உதறினேன். நான்கு அடி தள்ளிப் போய், வேறு வேலையாக வந்தவள்போல ஒரு புனிதரின் சுரூபத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் கை சற்று நேரம் காற்றில் தேடியது. பிறகு தரையில் ஊன்றிக்கொண்டது. முன்பின் தெரியாத ஒரு கன்னடப் பெண் ஓடிவந்து அவள் தோளைத் தாங்கினாள். பீடம் வரை அந்தப் பெண்தான் கூடப் போனாள்.

வீட்டில், பிள்ளை கையைப் பிடிக்கவில்லையா என்று அப்பா விசாரித்தபோது, கூட்டத்தில் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவே இல்லை. தோல் உரிந்திருந்த முட்டியில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். ஞாயிறுதோறும் கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில், ஆண்டவர் நம் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டது எப்படி என்று ஒரு கேள்வி வரும். ஐந்து வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த விடை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தமிழ் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. ஆங்கில வரிசையில் நான்கு பேர். நான் ஆங்கிலத்தில் நின்றேன். கூட்டத்துக்குப் பயந்து அல்ல. அம்மாவிடம் சற்று மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது, என் பாவம் துவைத்து இஸ்திரி போட்டதுபோல இருந்தது, யாருடையதோ மாதிரி. சொன்னதற்கு ஏற்றபடி சாமியார் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் பரிகாரமாகக் கொடுத்தார். முட்டி தரையை உணர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் காற்றில் தேடிய அந்தக் கையே கண்ணில் நின்றது. அம்மாவிடம் சொல்லாமல் இது தீராது என்று தெரிந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா என் தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். அம்மாவும் நானும் பாயில் படுத்திருந்தோம். கூரை ஷீட்டின் சின்ன ஓட்டை வழியாக ஒரு காசளவு வெயில் சுவரில் ஊர்ந்தது. அரைத் தூக்கத்தில் எதையும் சொல்லிவிடலாம் போலத் தோன்றியது. கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

“மா, அன்னைக்கு யாரும் தள்ளல. நானாதான் கைய விட்டேன். க்ளாஸ் பொண்ணுங்க இருந்தாங்க.”

“தெரியும்டி.”

“அப்புறம் ஏன் அப்பாகிட்ட அப்படிச் சொன்ன?”

“அந்தாளு ஒரு வாரம் பேசியே உன்னச் சாவடிச்சிருப்பாரு. சும்னே படு, பேசாம.”

கோபமே இல்லையா என்று கேட்டேன். முட்டி எரிந்தவரை இருந்தது என்றாள். என் மார்க்குக்காக இவ்வளவு வலி பட்டவளிடம் இப்படிச் செய்தேனே என்று ஆரம்பித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“உன் மார்க்குக்கு எவ முட்டி போட்டா? அது நீ படிச்சு வாங்குனது.”

சிரிப்பு நின்றது. வேறு குரலில் பேசினாள்.

“நாலாவதுல உன்ன ஒரு வருஷம் நிறுத்துனேனே, தங்கச்சியப் பாத்துக்க. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டாங்க. இதுக்குப் படிப்பு ஏறலன்னு பொய் சொல்லிட்டேன். நீ பத்து தாண்டிட்டா முட்டி போட்டு மன்னிப்பு கேக்கறேன்னு சாமிகிட்ட சொன்னேன். உங்கிட்ட கேக்க வாய் வரல.”

எனக்குப் படிப்பு ஏறாததால்தான் அந்த வருடம் வீட்டில் இருந்தேன் என்று நான் நம்பியிருந்தேன். அதைப் பொய்யாக்கத்தான் அத்தனை வருடமும் அப்படிப் படித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். இப்போது என்னிடம் கேட்கப்பட்டது. உடனே கொடுக்க மனம் வரவில்லை. அவள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனிக்கவும் செய்தது.

அம்மா முழங்காலை மடக்கியே படுத்திருந்தாள். நீட்டினால் வலித்திருக்கும். நான் கேட்பதற்கு மூன்று நாள் முன்பே, வியாழக்கிழமை மாலையே, அப்பாவின் முன்னால் என்னைக் காப்பாற்றி முடித்துவிட்டவள் அவள். நான் வருந்துவேனா என்றுகூடத் தெரியாமல் செய்தாள். ஐந்து வரி விடையில் நான் எழுதாமல் விட்டது அதுதான். ஆண்டவரும் நாம் வருந்தட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கவில்லை.

“போகட்டும் மா,” என்றேன். சொன்னபோது அது முழு உண்மை இல்லை.

கூரைமேல் மழை சட்டென்று இறங்கிவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“என்ன சொன்ன? கேக்கல.”

இன்னும் பலமாக, அவள் காதருகே மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அதில் உண்மை கூடியிருந்தது.