கணுக்கால் தண்ணீரில் ஒரு நிச்சயப் படம்

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் இருந்த ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். அந்த வருடம் முதலாளி சொந்த வேலையாக மெயின்லேண்ட் போயிருந்தார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார். போனது என் நிம்மதிதான். நான் பிறவியிலேயே கவலைப்படுகிற ஆள். பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேமராவில் ரோல் போட்டேனா, போட்டதைச் சுற்றினேனா, மழை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரு தடவை சரிபார்ப்பேன்.

ஜங்கிலிகாட்டில் ஒரு மீனவக் குடும்பம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை கிறிஸ்தவர்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கும், பத்துபஸ்தியில் அறை எடுத்துத் தங்கித் தச்சு வேலை பார்த்துவந்த ஒரு பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையனும் அதே கரைதான். அவனுடைய அம்மா ஊரில் இருந்தார். கப்பல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நிச்சயத்துக்கு வரவில்லை. வருகிற மருமகளைப் படத்திலாவது பார்க்கட்டும் என்று ஜோடியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எடுத்தது நான்தான்.

அப்போதெல்லாம் ஸ்டூடியோவில் ஜோடிப் படம் என்றால் ஒரே மாதிரிதான். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருப்பாள். பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. எங்கள் திரை அகலம் போதாது, உயரமும் போதாது, அதனால் முழங்காலோடு படத்தை வெட்டிவிடுவோம். இவர்களையும் அப்படித்தான் எடுத்தேன். படம் நன்றாகவே வந்திருந்தது.

அடுத்த கப்பலில் பதில் வந்தது. கடிதமாக அல்ல, ஆளாக. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் பையனுடைய ஊர்க்காரர். அவர் பெண்ணின் அப்பாவோடு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். ஊரில் படத்தைப் பார்த்த சொந்தக்காரர்களில் யாரோ ஒருவர், பையன் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டாராம். நின்றால் பெண் அவனைவிட உயரம் என்று தெரிந்துவிடும், அதனால்தான் என்று இன்னொருவர் சொன்னாராம். காலை ஏன் காட்டவில்லை என்று மூன்றாவது ஆள். பேச்சு வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தபோது, பெண் ஒரு தலை உயரம், பக்கத்தில் நின்றால் பையன் அவள் தோளுக்குத்தான் வருவான் என்று ஆகிவிட்டது. பையனின் அம்மா இடிந்துபோய்விட்டார். இருவரும் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், கால் தெரிய வேண்டும், ஸ்டூடியோவுக்குள் எடுத்தால் பலகை போட்டு ஏமாற்றுவார்கள், வெளியில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நிச்சயப் புடவையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதுதான் செய்தி.

அவர்களுடைய மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலை அது. ஒன்று வாசித்து நின்றுபோனால், ஜங்கிலிகாட் முழுக்க அந்தப் பெண்ணைத்தான் திரும்பிப் பார்க்கும். பெண்ணின் அப்பா என் முன்னால் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

உண்மை என்னவென்றால் பெண் கொஞ்சம் உயரம்தான். இரண்டு விரற்கடை. அதற்கு மேல் இல்லை.

கப்பல் மறுநாள் திரும்புகிறது. அன்றைக்கு மத்தியானமே கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் பக்கம் பாறை நிறைந்த ஒரு கரைக்குப் போனோம். பெண், அவளுடைய அப்பா அம்மா, பையன், நான். அதுவரை நான் வெளியில் ஒரு ஜோடியை எடுத்ததே கிடையாது. வெயில் எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, காற்றில் ஸ்டாண்ட் சாய்ந்தால் என்ன செய்வது என்ற கவலையிலேயே பாதி தூரம் நடந்தேன்.

கரைக்கு வந்ததும் பெண்ணின் அப்பா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். ஒரு தட்டைக் கல்லைக் காட்டி, இதை மணலில் புதைத்து மாப்பிள்ளையை மேலே நிறுத்திவிடலாம், மணலை மூடிவிட்டால் தெரியாது என்று காதில் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருவரும் குனிந்து தோண்ட ஆரம்பித்தோம். பெண் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அங்கன என்னத்தப் பொதைக்கிய?"

"சிப்பி தேடுதேம்மா" என்றார் அவர்.

அவள் வந்து கல்லைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நாளைக்கு அத்த கப்பல்ல வந்து எறங்குனா, அவுக முன்னாடியும் இவுக கல்லத் தூக்கிட்டா நடப்பாவ?"

அம்மாக்காரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பையன் மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லை எடுத்துப் போட்டோம். ஆனால் அதோடு என் கவலை தீரவில்லை, கூடியது. கல் வைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? கடற்கரை மணல் எங்குமே சரிவுதான். மேட்டில் பையனையும் பள்ளத்தில் பெண்ணையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்பார்கள். நேராகவே நிறுத்தினாலும் அதைத்தான் சொல்வார்கள். ரோலிலும் ஒன்றிரண்டு படம்தான் மிச்சம். கப்பலில் புது ரோல் வந்திருக்கவில்லை. இந்த ஒரு படத்தில் நம்பாவிட்டால் கல்யாணமே போய்விடும்.

கடல் வற்றியிருந்த நேரம். பாறைகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி அகலமாகத் தண்ணீர் தேங்கி அசையாமல் கிடந்தது. மணல் ஒட்டிய காலைக் கழுவப் பெண் அதில் இறங்கினாள். கொஞ்சம் தள்ளிப் பையனும் இறங்கினான். அவள் நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இருந்தது. அவன் நின்ற இடத்தில் ஆழம் கூட. தண்ணீர் கெண்டைக்காலில் ஏறி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

தரை சரியலாம், மணல் சரியலாம். தேங்கின தண்ணீர் சரியாதே. இருவர் காலிலும் தண்ணீர் ஒரே இடத்தில், கணுக்கால் எலும்பில் நின்றால், இருவரும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் காலுக்கடியில் கல் இருந்தால் தண்ணீர் அவர் காலில் கீழே இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கப்போவது கடற்கரை ஊர் ஜனங்கள். அவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது, ஆனால் பிடிக்கவில்லை. "நிச்சயமான புள்ளயச் சேலையத் தூக்கிட்டு நிக்கச் சொல்லுதீய. நண்டு புடிக்கப் போற மாதிரில்லா இருக்கும்" என்றார்.

"கரவல இழுக்கயில முட்டு வரைக்கும் தூக்கிச் சொருகுனாளே, அன்னைக்கு ஒங்களுக்குக் கண்ணு தெரியலயோ?" என்று அம்மாக்காரி கேட்டார். பெண்ணின் அப்பா விலகிப் போய் ஒரு பாறை மேல் உட்கார்ந்தார்.

பையன் பேன்ட்டை மடித்துவிட்டான். பெண் சேலையைக் கணுக்கால் தெரியும் அளவுக்கு உயர்த்திப் பிடித்தாள். இருவரும் காலால் துழாவித் துழாவி இடம் தேடினார்கள். அம்மாக்காரி தண்ணீரில் குனிந்து, நாலு காலையும் விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு, பராபர், சரியா இருக்கு, நில்லுங்க" என்று சொன்னார். கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. பாறையைத் தாண்டி அலை வந்தால் தண்ணீர் கலங்கிவிடும், அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது.

நான் கேமராவில் குனிந்து பார்த்தேன். அந்த இரண்டு விரற்கடை நன்றாகவே தெரிந்தது. தொழில் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது: "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோம்மா." எல்லாப் பெண்களிடமும் சொல்வதுதான். சாய்த்தால் உயரம் சரியாகிவிடும் என்ற ஆசையும் அதில் இல்லாமல் இல்லை.

அவள் சாய்க்கவில்லை. பையனைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாதவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"நிமிந்தே நிக்கட்டும்ண்ணே. காலம் பூரா நான் நிமிந்து பாக்கப் போறவதான."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பட்டனை அமுக்கிவிட்டேன். அடுத்த படத்துக்குச் சுற்றுவதற்குள் ஒரு அலை பாறையைத் தாண்டி வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டுப் போனது.

கழுவிப் பார்த்தபோது தண்ணீர்க்கோடு நாலு காலிலும் ஒரே நேராக, நூல் பிடித்த மாதிரி விழுந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் படத்தைக் கப்பல் சமையல்காரர் கையில் கொடுத்த நிமிஷமே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. நிச்சயப் படத்தில் இருவரும் பல் தெரியச் சிரிக்கிறார்களே. அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சிரித்துப் படம் எடுத்ததில்லை. பெண் அடக்கமில்லாதவள் என்று சொல்லிவிட்டால்? உயரத்தையும் மறைக்கவில்லை, சிரிப்பையும் அடக்கவில்லை. கல்லையே வைத்திருக்கலாமோ என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

ஊரிலிருந்து பதில் வரட்டும் என்று சாமியார் இரண்டாம் ஓலையை நிறுத்தி வைத்திருந்தார். கப்பல் வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பஜாரில் பெண்ணின் அப்பாவைக் கண்டால் வேறு பக்கமாகப் போனேன்.

கப்பல் வந்த அன்று துறைமுக ஜெட்டியில் எனக்கு முன்னாலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். சமையல்காரர் இறங்கி வந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னார். பையனின் அம்மா படத்தை வாங்கி முகத்தைப் பார்க்கவில்லையாம். முதலில் காலைத்தான் பார்த்தாராம். வெளிச்சத்தில் பிடித்துத் தண்ணீர்க்கோட்டை நகத்தால் ஓட்டிப் பார்த்தாராம். பிறகு மேலே பார்த்து, "ரெண்டு வெரக்கட. இதுக்கா இம்புட்டுப் பேச்சு?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டிருக்கிறார். கடைசியாக அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: கல்யாணத்துக்காவது என் மகனுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள், வெறுங்காலோடு நிறுத்திவைக்காதீர்கள்.

பெண்ணின் அப்பா ஜெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நான் இந்துதான், இருந்தாலும் கோயிலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரதியை ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் வைத்தேன். திரும்பி வந்த முதலாளி முதலில் ஸ்டாண்டின் காலில் உப்புத்தண்ணீர் பட்டதற்காகத் திட்டினார். அப்புறம் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக்குள்ளிருந்து அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த வருடத்துக்குள் பெரார்கஞ்ச் பக்கத்து வங்காளிகளும், சிப்பிகாட்டிலிருந்து ஒரு தெலுங்கு ஜோடியும், மலையாளிகளும் வந்து, "பானிவாலா போட்டோ சாஹியே", அந்தத் தண்ணீர் போட்டோ வேண்டும் என்று இந்தியில் கேட்டார்கள். அவர்களில் யாருக்கும் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. இருந்தும் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றார்கள். நிச்சயமானவர்கள் திரைக்கு முன்னால் இல்லாமல் வெளியில், கடலோரம் நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் பஜாரில் என் கேமராவில்தான் ஆரம்பித்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இப்போதும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன்தான் நான். அந்த மத்தியானமும் பயம் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடேயே உள்ளதை உள்ளபடி எடுத்தேனே, அதை நினைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வருகிறது.