முப்பத்தெட்டு வயதுக் குவாட்டர்பேக்

ஸ்காபரோவில் ஒரு பிளாசா சலூனில் என் முறைக்காகக் காத்திருக்கிறேன். டிவியில் இந்த ஊர்க் கால்பந்து ஓடுகிறது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால் எறிகிறார்கள். எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு வயது முப்பத்தெட்டு. முடிவெட்ட உட்கார்ந்திருக்கும் கஜனுக்கு அது பொறுக்கவில்லை.

"அங்கிள், எங்கட டீம் உந்தக் கிழவனை இன்னும் ஏன் வச்சிருக்குது? காலேஜில இருந்து ட்ராஃப்டில தெரிஞ்செடுத்த புதுப் பொடியனை இறக்க வேணும்."

அறுபது தாண்டிய சலூன்காரர் செல்வம் கத்தரிக்கோலை நிறுத்துகிறார். "அனுபவத்தை ட்ராஃப்டில எடுக்கேலாது, தம்பி."

"சான்ஸ் குடுத்தால்தானே அனுபவம் வரும்?"

"ஓம், உதுவும் சரிதான்." நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணை அவர் கைகாட்டி அழைக்கிறார். "பிள்ளை, மிச்சத்தை நீங்கள் வெட்டுங்கோ."

கஜன் தலையைப் பிடித்துக்கொள்கிறார். "ஐயோ அங்கிள், நாளைக்கு எனக்குக் கலியாணம்! நீங்களே வெட்டுங்கோ."

சலூனே சிரிக்கிறது. அந்தப் பெண்ணும் சிரிக்கிறார். ஆனால் சட்டென்று திரும்பி, சுத்தமாயிருக்கும் சீப்பை மறுபடி துடைக்கிறார்.

செல்வம் என்னைப் பார்க்கிறார். "நீங்கள் ஆரின்ர பக்கம்?"

"எனக்கு நாளைக்குக் கல்யாணம் இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் நாற்காலியில் போய் உட்காருகிறேன்.