குலுக்கினால் சத்தம் வந்தது

போன மாதம் என் பழைய காரில் பிசிவி வால்வு என்கிற சின்னச் சாமானை வீட்டிலேயே மாற்றினேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இன்ஜினுக்குள் கசிகிற புகையை வெளியே விடாமல், திரும்ப இன்ஜினுக்கே எரிக்க அனுப்புவது அதன் வேலை. கழற்றியதும் என் கை தானாக அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கியது. அந்தப் பழக்கம் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஐந்தாவது படிக்கும்போது வந்தது.

அப்போது நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் அவருடைய அண்ணனும், அதாவது என் பெரிநைனாவும், பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். வாசல் மட்டும் பொது. எதற்குச் சண்டை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வாரம் அவர்களுடைய ஒரே தங்கை, என் அத்தை, திருப்பதி ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பெற்றிருந்தாள். பெரிநைனா தன் காரில் அழைத்து வருவதாக இருந்தார். நைனா தனியாக ஒரு வேன் பேசுவதாக இருந்தார். அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கிளம்புவேன் என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில் பெரிநைனா காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கையில் புது வால்வு. அதை என் காதருகே குலுக்கினார். கடகட என்றது. சத்தம் வந்தால் நல்லது, அழுக்கு அடைத்துச் சத்தமே வராவிட்டால் கெட்டுப்போனது என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வாங்கி நானும் பத்துத் தடவை குலுக்கினேன்.

"உங்க நைனாவ கூட்டிகினு வா. வண்டிக்குள்ள புகை வருது, கொயந்தைக்கு ஆவாது, வால்வு மாத்தணும்னு சொல்லு."

அந்தக் காரில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். புகை வந்ததாக நினைவில்லை. அடுத்த தெருவிலேயே கார் மெக்கானிக் ஷெட் இருந்தது. நைனாவோ விசைத்தறி ரிப்பேர் செய்கிறவர். இதெல்லாம் எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கக் கூச்சமாக இருந்ததால் போய்ச் சொன்னேன். நைனா தறி வேலையை அப்படியே விட்டுவிட்டு ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

காருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நான். வால்வு எங்கே இருக்கிறது என்று நைனா என்னிடம் கேட்டார். பெரிநைனா என்னிடம் பதில் சொன்னார். ரப்பர் குழாயைப் பிடிக்கச் சொல், மெதுவாகத் திருகச் சொல் என்று எல்லாம் என் வழியாகவே போனது. துணி காயப்போட வந்த அம்மா, "ரெண்டடி தூரத்துக்கு ஒரு போஸ்ட்மேனு" என்று சொல்லி ஈரத்துணியை உதறினாள். இருவர் காதிலும் அது விழவில்லை.

பழைய வால்வு கழன்று வந்தது. நைனா அதை லுங்கியில் துடைத்துக் காதருகே குலுக்கினார். நானும் தலையை நீட்டினேன். கடகட. புதியது போலவே. பெரிநைனா குனிந்து, சுத்தமாக இருந்த பேட்டரியை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

நைனா இன்னொரு முறை குலுக்கினார். பிறகு அண்ணனின் குனிந்த தலையையே பார்த்தார்.

"இது போச்சு," என்றார் என்னிடம். "மாத்தியே ஆவணும்னு சொல்லு."

நான் பெரிநைனா பக்கம் திரும்பினேன். சத்தம்தான் வந்ததே.

"கேட்டுது, கேட்டுது," என்றார் பெரிநைனா. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

ஒருவர் குழாயை அழுத்திப் பிடிக்க மற்றவர் கிளிப்பை மாட்டினார். அதற்குமேல் என்னை யாரும் கூப்பிடவில்லை. வழியில் புகை வருகிறதா என்று பார்க்க நைனாவும் கூட வர வேண்டியிருந்ததாம். மறுநாள் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்து திருப்பதிக்குப் போனார்கள். மதியம் அத்தையும் குழந்தையும் வந்துவிட்டார்கள்.

பழைய வால்வை டவுசர் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்காருகிறவனிடம் குலுக்கிக் காட்டி, எங்கள் நைனாவுக்குத் தறி தெரிந்த அளவுக்குக் கார் தெரியாது, நல்ல சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டார் என்றேன். பாவம், வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று, யாரிடமும் சொல்வதில்லை என அவனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.